ஆளில்லாத குழிக்குச் சிலுவை

செல்வராணிக்குப் புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து காலையில் டவுன் பஸ் ஏறி வந்தால் சாயங்காலம் வரை நின்றபடியே சேலையை விரித்துக் காட்ட வேண்டும், திரும்ப மடிக்க வேண்டும். கழுத்தில் தாலியைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரரு என்ன பண்றாரு?" என்று சேலை எடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"வெளியூர்ல கொத்து வேலை" என்பாள்.

அது முழுப் பொய்யும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சூசைராஜ் தருமபுரிப் பக்கம் கொத்து வேலைக்குத்தான் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஒகேனக்கல் போனவன், அருவிக்கு மேலே, ஆறு பாறைமேல் பரந்து வழுக்கிக்கொண்டு போகிற இடத்தில் இறங்கினான். வேண்டாம் என்று கத்தினார்களாம். "எங்கூரு கலிங்குத் தண்ணி மாதிரிதான்டா இருக்கு" என்று சிரித்தானாம்.

கண்மாய் நிரம்பி வழியும்போது கலிங்குச் சுவரில் நின்று மீன் பிடித்து வளர்ந்தவன் அவன். வழிகிற தண்ணீரில் காலைத் தூக்கக் கூடாது, தரையோடு இழுத்து இழுத்து வைத்தால் ஒன்றும் செய்யாது என்பது அவன் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதையே ஆற்றிலும் செய்தான். பரிசல்காரர்கள் நாள்கணக்கில் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்ற சொல்லைத்தான் செல்வராணி பிடித்துக்கொண்டாள். கண்மாயைக் கரைக்குக் கரை நீந்துகிறவன் எங்கேயாவது ஒதுங்கியிருப்பான், தலையில் அடிபட்டு ஊர் பேர் மறந்து திரிவான். லால்குடியில் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், திருச்சி காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள். படித்துறையில் தாடியோடு படுத்திருக்கும் ஒவ்வொரு ஆளும் அவனாக இருக்கலாம்.

"கல்லறைத் திருநாளுக்கு எம்மகனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த எடம் குடுடி" என்று கேட்டுக்கொண்டே இருந்து மாமியார் போன வருஷம் கண்ணை மூடினாள். இந்த வருஷம் கொழுந்தன் ஆரோக்கியதாஸ் கல்லறைத் தோட்டத்தில் அண்ணனுக்கென்று இடம் பார்த்தான்.

"ஆளில்லாத குழிக்குச் சிலுவையா? நட்டுப் பாரு, நானே பிடுங்கிப் போடுறேன்" என்றாள் செல்வராணி.

அவன் சண்டை போடவில்லை. "ஒருதடவை வந்து அந்தத் தண்ணியப் பாருங்கண்ணி. பாத்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

ஐப்பசியில் போனார்கள். ஆற்றில் வெள்ளம் என்பதால் பரிசல்களைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கம்பி வேலியை ஒட்டி நடந்து முதலில் நின்றது அருவிக்கு மேற்புறம். தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் பாறைமேல் நழுவிக்கொண்டிருந்தது. கரையோரத்தில் அடியில் கிடந்த கல் தெரிந்தது.

செல்வராணிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இதுலயா தம்பி? இதுல எங்க ஆத்தா புடவை அலசும்."

"அண்ணனும் அப்படித்தான் நெனச்சிருக்கும்" என்றான் ஆரோக்கியதாஸ்.

அடுத்து தொங்கு பாலம். கீழே பிளவுக்குள் தண்ணீர் இடித்துக்கொண்டு ஓடியது. சாரல் முகத்தில் அடித்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரங்களையே பார்த்தாள். அந்தப் பாறை முனையைப் பிடித்திருக்கலாம். அந்த வேரைப் பிடித்திருக்கலாம். பின்னால் வந்த ஒருத்தி, "யக்கா, நீங்களே பாலத்த வாங்கிட்டீங்களா? கொஞ்சம் நகருங்க, நாங்களும் செல்பி எடுக்கணும்ல" என்றாள். செல்வராணி நகர்ந்தாள்.

கடைசி இடம் பெரிய அருவிக்கு நேர் எதிரே இருந்த மேடை. அங்கே பேச்சு கேட்காது. தரை அதிர்வது செருப்பு வழியாகவே தெரிந்தது. மேலேயிருந்து ஒரு மரம் வந்தது. எங்கோ கரையிடிந்து வேரோடு சாய்ந்த மரம், கிளையெல்லாம் பச்சையாகவே இருந்தது. விளிம்பில் ஒரு நொடி குறுக்கே நின்று, பிறகு தலைகுப்புற உள்ளே போனது.

அவள் கொழுந்தனின் காதருகே போய்க் கத்தினாள். "வெளிய வருதான்னு பாரு!"

இரண்டு பேரும் பார்த்தார்கள். அவள் கீழ்ப்புறம் வளைவு வரை கண்ணை ஓட்டினாள், திரும்ப அருவியடிக்கு வந்தாள். நுரைதான் புரண்டது. செல்பி எடுத்த கும்பல் வந்து, நின்று, போனது. வெகுநேரம் கழித்து ஆரோக்கியதாஸ் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் அசையவில்லை. பிறகு தானாகவே திரும்பி நடந்தாள்.

சத்தம் குறைந்த இடத்துக்கு வந்ததும் சொன்னாள். "நீந்துறதுக்குத் தண்ணிக்கு மேல்னு ஒண்ணு இருக்கணும்ல தம்பி. அங்க மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

பஸ் நிற்கும் இடத்தில் வரிசையாக மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க தங்கச்சி, காலையில புடிச்ச மீனு, இன்னும் துள்ளுது" என்று ஒரு அம்மாள் தட்டை நீட்டினாள்.

"எந்தத் தண்ணியில புடிச்சதுங்க?" என்று கேட்டாள் செல்வராணி.

"இதென்ன கேள்வி? இந்த ஆத்துலதான்."

ஆரோக்கியதாஸ் அவசரமாக அவளைப் பஸ் பக்கம் கூட்டிப்போனான். இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை.

பஸ் சேலம் தாண்டியது, நாமக்கல் தாண்டியது. முசிறி வந்தபோது அவளாகவே சொன்னாள். "புதுசா எடம் வேணாம். ஆளில்லாம குழி தோண்டக் கூடாது. அத்தை சிலுவையில அவங்க பேருக்குக் கீழ எடம் இருக்குல்ல? அதுல எழுதிரு."

"சரிங்கண்ணி."

"தேதியும் போட்டுரு. அந்த ஞாயித்துக்கெழமைதான்."

அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்துக்குப் பஸ் திருச்சி பாலத்தில் ஏறியது. பழக்கத்தில் செல்வராணியின் தலை ஜன்னல் பக்கம் திரும்பியது. படித்துறையில் நாலைந்து பேர் படுத்திருந்தார்கள். அவள் அவர்கள் முகத்தைத் தேடவில்லை. கரையிலிருந்து கரை வரை அமைதியாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைத்தான், பாலம் முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தாள்.