டீச்சரின் காரில் என்ன ஒயில்?

தேன் நிறத்தில் மினுங்கும் புது எஞ்சின் ஒயிலைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அண்மையில் புத்தளத்தில் என் காரைச் சேர்விசுக்கு விட்டபோது, "சிந்தெட்டிக்கா, சாதாவா ஊத்துற?" என்று கராஜ்காரர் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். அவருக்கு என்ன தெரியும்? எனக்கு எங்கள் மனையியல் டீச்சரின் நினைவு வந்துவிட்டது.

கற்பிட்டிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒன்றாகப் படிப்பித்தோம். அவர் உடப்புக்காரர், ஓடும் பஸ்ஸில் நின்றபடியே விடைத்தாள் திருத்தக்கூடியவர். கலியாணம் கட்டவில்லை. இறந்துபோன தங்கச்சியின் மகளைத் தன் பிள்ளையாகவே வளர்த்துச் சிலாபத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பெறாமகள் கர்ப்பமான செய்தி வந்ததும், "அவளுக்கு நோவு கண்ட நேரம் நான் பஸ்ஸுக்குக் காத்து நிக்கேலாது" என்று சொல்லி, ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓடப் பழகினார். சிலாபத்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவரிடம் பாவித்த சின்னக் கார் ஒன்றையும் வாங்கினார். சாம்பல் நிறம், இடப்பக்கக் கண்ணாடி முழுதாக ஏறாது. ஆனாலும் அதில் ஏறி உட்கார்ந்தால் டீச்சரின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

வாங்கிய காரைச் சனிக்கிழமை சேர்விசுக்கு விட இருந்தார். அதற்கு முன்பே, ஒரு நாள் இடைவேளையில், பெறாமகளை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. "தனியப் போகப் பயமா இருக்கு, நீயும் வா பிள்ளை" என்றார். அதிபரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டோம்.

முந்தல் என்ற ஊரை நெருங்கும்போது, ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒயில் குறைவைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுங்கியது. டீச்சர் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். பொனட்டைத் திறந்து அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தார். நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. நல்லகாலம், எதிரே உதிரிப்பாகக் கடை. அங்கே சாதா ஒயில் மட்டுமே இருந்தது. "உள்ளுக்கு இருக்கிறது எது டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார். டீச்சருக்குத் தெரியவில்லை. காரை விற்ற தாதியும் போனை எடுக்கவில்லை.

அதற்குள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் காரைச் சுற்றிக்கொண்டார்கள். மீன் லொறி சாரதி ஒயிலை விரல்களுக்கிடையில் தேய்த்து, "வழுக்குறதப் பாத்தா சிந்தெட்டிக்தான். நல்ல சாமான்" என்றார். தேத்தண்ணிக் கடைக்காரர் அதையே கடதாசியில் ஒற்றி வெயிலில் பிடித்து, "இவ்வளவு கறுப்பு. இது சாதா" என்று தீர்ப்புச் சொன்னார். ஆட்டோக்காரர்தான் எங்களைப் பயமுறுத்தினார்: "ரெண்டும் கலந்தா தயிர் மாதிரி உறைஞ்சிரும். எஞ்சின் அவ்வளவுதான்!" சிலாபம் பஸ் வருவது தெரிந்தது. காரை விட்டுவிட்டுப் போவோம் என்று நான் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் நகரவில்லை. சேலைத் தலைப்பால் எஞ்சினின் ஒயில் மூடியைத் துடைத்தார். எவ்வளவு தடிப்பான ஒயில் ஊற்றவேண்டும் என்று அதில் பொறித்திருந்த இலக்கத்தைக் கடை ஒயில் போத்தலின் இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"ஒரே ஒயிலப் பாத்து நீங்க ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்லுறீங்க. அப்ப, பாத்துச் சொல்லேலாது எண்டுதானே அர்த்தம்? இலக்கம் ரெண்டும் ஒண்டுதான். அடுப்பில காயுற தாச்சிக்கு முன்னால நிண்டு எந்த எண்ணெய் எண்டு யோசிச்சா தாச்சிதான் கருகும்."

பஸ் எங்களைக் கடந்து போனது. டீச்சர் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றி, கம்பியை விட்டு விட்டுப் பார்த்து, அளவு வந்ததும் மூடினார். சாவியைத் திருப்பினார். விளக்கு அணைந்தது. எஞ்சின் பூனைபோல உறுமியது. "உறையல்லயே!" என்று முதலில் கத்தியவர் அந்த ஆட்டோக்காரர்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்குழந்தை பிறந்திருந்தது. "பெரியம்மா, கையக் கழுவிட்டுத் தூக்குங்க" என்றாள் பெறாமகள். "மூண்டு தரம் சவுக்காரம் போட்டுட்டன். நகத்துக்குள்ள இருக்கிறது போகாது, தா இங்க" என்று வாங்கிக்கொண்டார். அழுதுகொண்டே சிரித்தார்.

உள்ளே இருந்தது எந்த ஒயில் என்று அறியாமல் மனம் கேட்கவில்லை; பின்னேரம் தாதியின் வீட்டுக்கும் போனோம். சிங்களம் கலந்த தமிழில் அந்த அம்மா சொன்னார்: "மாத்தயா, என்ட புருசன், இருக்கிற காலம் சிந்தெட்டிக்தான். அவர் போன பிறகு குறைய குறைய நான் சாதா ஊத்தினேன்." டீச்சர் வாசற்படியிலேயே குந்திச் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப முந்தல்ல அந்த ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லியிருக்கினம்! இது முதல்லயே கலந்துதான் கிடந்திருக்கு!"

தாதி காரின் பொனட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "எனக்கு ஒரு ரவுண்ட் போக ஏலுமா?"

கடற்கரை வீதியில் போனோம். தாதி முன்சீட்டில் நரைமுடி பறக்க உட்கார்ந்திருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது. டீச்சர், வழியில் கண்ட முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் ஹோர்ன் அடித்து, "எனக்குப் பேத்தி பிறந்திருக்கு!" என்று சொல்லிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்து தாதி அதையே சிங்களத்தில் இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.