சமைக்கிறவர் உயரம்

காலை பதினொன்று ஆகிவிட்டால் தாஜுதீன் பேச்சை நிறுத்திவிடுவார். யார் வந்தாலும் இடது உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். வலது கை மவுஸை விட்டு நகராது. சிலிண்டர்க்காரர் வாசலில் நின்று முனகுவார், கூரியர்க்காரர் கையெழுத்துக்குக் காத்திருப்பார், உள்ளங்கை இறங்காது. பதினொன்றரைக்குச் சற்று முன் கணினியிலிருந்து மெல்ல ஒரு மணிச் சத்தம் கேட்கும். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, என்னா?" என்பார். அதற்குள் வந்தவருக்குச் சொல்ல வந்தது பாதி மறந்திருக்கும்.

அறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று புதுச்சேரியில் நம் உப்பளத்து நேரம் காட்டும். மற்றது பிரான்சில் நாந்த் என்ற ஊரின் நேரம். வீட்டில் அதற்கு 'ரெமி கடியாரம்' என்று பெயர். ரெமி அந்த ஊரில் சமையலறை அமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். அவர் காலை எட்டு மணிக்குக் கடையைத் திறக்கும்போது நமக்குப் பதினொன்றரை. குளிர்காலத்தில் அந்த ஊரில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தாஜுதீனும் முக்காலியில் ஏறி முள்ளைத் திருகுவார். எதிர்வீட்டு மாடியிலிருந்து பத்து வருஷமாக இதைப் பார்க்கிறேன். நாந்த்தில்கூட ஒன்றிரண்டு பேர் மறந்திருப்பார்கள், இவர் மறந்ததில்லை.

தொழில், சமையலறைக்கு வரைபடம் போடுவது. பிரான்சில் ஒரு வீட்டின் சுவர், ஜன்னல், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் ஓர் ஆள் போய் அளந்து, கடை மூடும் நேரத்தில் அனுப்பிவிடுவார். அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே விடிந்துவிடுகிறது. சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்தால், அவர்கள் கடை திறக்குமுன் மேடை, அலமாரி, இழுப்பறை, அடுப்பு எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும் படம் போய்ச் சேர்ந்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் நாலாயிரம் சமையலறைக்கு மேல் வரைந்திருக்கிறார். அவர் தன் வீட்டுச் சமையலறைக்குள் போய் ஒரு டீ போட்டு நான் பார்த்ததில்லை.

அளவு வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி பணத்தைப் பற்றியது அல்ல, பாணியைப் பற்றியதும் அல்ல. "சமைக்கிறவங்க ஒசரம் என்னா?" முதலில் பிரான்சில் சிரித்தார்களாம். மேடை எல்லோருக்கும் ஒரே உயரம்தானே என்றார்களாம். "மேடை ஒசரம் வீட்டுக்கு இல்ல மதாம், ஆளுக்கு. குனிஞ்சி வெட்னா இடுப்பு போயிடும், தூக்கி வெட்னா தோள் போயிடும்." ஒரு வீட்டில் கணவன் நெட்டை, மனைவி குட்டை, இருவரும் சமைப்பார்கள் என்றார்கள். இவர் மேடையை நடுவில் ஒரு படி இறக்கி வரைந்துவிட்டார். அந்தத் தம்பதி தக்காளி நறுக்கிக்கொண்டே எடுத்து அனுப்பிய படம் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இன்று ரெமியின் கடை அளவுத்தாளிலேயே 'சமைக்கிறவர் உயரம்' என்று ஒரு கட்டம் அச்சடித்துவிட்டார்கள்.

மதாம் என்பது நான்தான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்ததற்கு இந்தத் தெரு கொடுத்த பட்டம். தாஜுதீனின் பிரெஞ்சு ஒரு தினுசு. கீல், கைப்பிடி, சிங்க் அடைப்பு என்று எனக்கே தெரியாத சொற்களைச் சரளமாகக் கொட்டுவார். ஒருமுறை ரெமியின் தாயார் இறந்தபோது, வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம் கேட்டு என்னிடம் ஓடிவந்தார். அலமாரிக்கு வெளியே அவருக்குப் பாஷை கிடையாது.

போன வருஷம் அவருக்கு அங்கேயே போய்த் தொழில் நடத்த ஆசை வந்தது. காரணம் இல்லாமல் இல்லை. முன்பு ஒன்பது கடைகள் வேலை கொடுத்தன, இப்போது நான்கு. மற்றவர்கள் தானாக வரைகிற மென்பொருளை வாங்கிவிட்டார்கள். "இங்கயே குந்தினு இருந்தா ரெண்டு வருஷத்துல நம்மள மறந்துடுவாங்க. அங்க போய் நாலு கதவத் தட்னா ஃபரீஹா காலேஜுக்குப் போற வரைக்கும் தாங்கும்." ஃபரீஹா மகள், பத்தாம் வகுப்பு. இன்னொரு காரணத்தை அவர் தயங்கித்தான் சொன்னார். "நாலாயிரம் சமையல்கட்டு வரைஞ்சிருக்கேன். ஒரே ஒரு டிராயரையாவது என் கையால இழுத்துப் பாக்கணும்."

அதற்கென்று ஒரு விசா இருக்கிறது, சொந்தத் தொழில் செய்ய வருகிறவர்களுக்கானது. அங்கே வந்து பிழைத்துக்கொள்வேன் என்பதைக் காகிதத்தில் காட்டினால்தான் கிடைக்கும். காகிதம் என்றால் வாடிக்கையாளர்களின் ஒப்பந்தம். தாஜுதீனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பன்னிரண்டு வருஷமும் வாய்ச்சொல்லில் ஓடியிருக்கிறது. எழுதிக் கேட்டால் உன்னை நம்பவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்பது அவர் வீட்டில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்தவர்களின் எண்ணம்.

வேறு வழியில்லாமல் நான்கு பேரிடமும் கேட்டார். சின்னக் கடைகள் மூன்றும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பின. அந்த மூன்றையும் சேர்த்தாலும் ஒரு குடும்பம் பிழைக்கும் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். ரெமி மட்டும் ஆறு பக்கம் அனுப்பினார். விசேஷ வீட்டுக்குப் போகிறவர்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதை என்னிடம் கொண்டுவந்தார் தாஜுதீன். "ஒரு தடவ கண்ணோட்டம் வுடுங்க மதாம். பதினெட்டாந்தேதி எனக்கு விசா ஆபீஸ்ல நேரம் குடுத்திருக்காங்க."

படித்தேன். மூன்று பக்கம் வரை பூமாலை. நான்காம் பிரிவில் நின்றுவிட்டேன். இந்த வேலையை ரெமி வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார். வேலை முழுவதும் புதுச்சேரியிலிருந்தே நடக்கும். மாலையில் அனுப்பியது காலையில் வந்துவிடுவது இந்தத் தூரத்தால்தான், ஆகவே தாஜுதீன் புதுச்சேரியை விட்டு நீங்கினால் ஒப்பந்தம் முடிந்துவிடும். பிரான்சுக்குப் போவதற்காகக் காட்ட வேண்டிய காகிதம், பிரான்சுக்குப் போனால் செல்லாது என்றது.

"எதுக்கு இந்த ஒப்பந்தம்னு அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

அவர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "ஒரு அவசியத்துக்குன்னேன்."

"என்ன அவசியம்னு?"

"விசாவுக்குன்னா, பன்னெண்டு வருஷமா இதுக்குத்தான் பழகினானான்னு நெனைப்பாரு இல்ல?"

கூட வந்த கடிதத்தைப் பார்த்தால், ரெமி பாவம், இவர் பேங்க்கில் கடன் வாங்கி இங்கே பெரிய அலுவலகம் போடப்போகிறார் என்று எண்ணியிருக்கிறார். வேலை புதுச்சேரியை விட்டு எங்கும் போகாது என்று பேங்க்குக்குத் தெரியட்டும் என்று, உதவியாகத்தான் அந்தப் பிரிவைச் சேர்த்திருக்கிறார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். கூச்சத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? எனக்கு அன்று அவர்மேல் நிஜமாகவே கோபம்.

சென்னையில் விசாவுக்கு உதவுகிற ஏஜென்ட் ஒருவர் போனிலேயே வழி சொன்னார். அந்த ஒரு பக்கத்தை உருவிவிட்டு மற்றதைக் கொடுங்கள், யார் எண்ணப்போகிறார்கள். தாஜுதீன் உருவினார். இரண்டு நாள் அந்தப் பக்கம் மேசை டிராயரில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுத்தார். "திருப்பிச் சேத்துட்டேன் மதாம். கீழ ஆறு பக்கம்னு போட்டு அந்தாளு கையெழுத்து வெச்சிருக்காரு. அஞ்சு பக்கம் குடுத்தா அது வேற யாரோ எழுதுன மாதிரி."

உண்மையை ரெமிக்கு எழுதவேண்டும் என்று அவருக்குத் தெரியும். எழுதவில்லை. இல்லை என்ற பதில் வந்துவிட்டால் இருக்கிற வேலையும் கசந்துபோகும் என்று பயம். ஐந்து நாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் மனைவி ஜஹபர் நிஷா அதிகம் பேசமாட்டார். ஐந்தாம் நாள் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமலே சொன்னார்: "கேக்காம இருந்தா மட்டும் ஆமான்னு சொல்லிடப் போறாரா?"

அன்றே எழுதினார். நான் திருத்தினேன். மறுநாள் பதில் வந்தது. தானே படிக்கத் தைரியம் வரவில்லை என்று என்னிடம் நீட்டினார். ரெமி கோபிக்கவில்லை. மகிழ்ச்சி என்றே ஆரம்பித்திருந்தார். ஆனால் மனிதர் பொய் எழுதுகிறவர் அல்லர். நீங்கள் இங்கே வந்துவிட்டால் இரவெல்லாம் கண்விழித்துத்தான் காலையில் படம் தர முடியும், அதை நான் ஒரு மனிதனிடம் கேட்கமாட்டேன், ஆகவே பழைய வேலை இல்லை. வீடு வீடாகப் போய் அளக்கிற என் ஆள் அடுத்த வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார், அந்த வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் டேப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஏதாவது ஒரு சமையலறையை உங்கள் கையால் அளந்து, உள்ளது உள்ளபடி தாளில் நிரப்பி, ஃபோட்டோவும் எடுத்து வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன் அனுப்புங்கள். தாள் சரியாக இருந்தால் அன்றே புது ஒப்பந்தம்.

"என் வீட்டை அளந்துக்குங்களேன்" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடுத்த வூட்டு சமையல்கட்டுல போய் நான் எப்டி மதாம்?" நாந்த்தில் தினம் அதைத்தான் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டுப் பாத்திரம் முழுவதும் கூடத்தில் இருந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். வாடகை வீடு. கட்டியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர், ஆறடிக்கு மேல் உயரம், தனியாள், தானே சமைத்துச் சாப்பிட்டவர். அவர் காலமான பிறகு இவர்கள் குடிவந்து பதினான்கு வருஷமாகிறது. நிஷா டேப்பின் ஒரு முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தாஜுதீன் அளந்து அளந்து எழுதினார். அவருக்கு ஓர் அளவை ஒருமுறை எடுத்தால் போதாது. அளக்கிறவர்கள் ஒரே இடத்தில் அளந்துவிட்டு வந்துவிடுகிறார்கள் என்று வருஷக்கணக்காகத் திட்டியவர் ஆயிற்றே. கீழே, நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். சுவர் மேலே போகப் போக நான்கு சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிறகு மேடை. "தொண்ணூத்தி ஆறு" என்றார். நின்றார். "தப்பா இருக்கும்." மறுபடி அளந்தார். தொண்ணூற்று ஆறுதான்.

தாளில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கட்டம்.

"நிஷா, உன் ஒசரம் என்னா?"

"யாரு பாத்தா?"

கதவு நிலையில் சாய்ந்து நிற்கச் சொன்னார். தலைக்குமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். நூற்று நாற்பத்தெட்டு. அந்த உயரத்துக்கு மேடை எவ்வளவு இருக்கவேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். எண்பதைத் தாண்டக் கூடாது. மேடையைப் பார்த்தார், நிஷாவைப் பார்த்தார். ஓர் அடி எடுத்து வைத்தபோது மேடைக்கு அடியில் எதுவோ காலில் இடித்தது. குனிந்து இழுத்தார். ஒரு மணை. நடுவில் இரண்டு பாதம் நிற்கிற இடத்தில் மட்டும் மரம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"இது என்னா?"

"அதும்மேல நின்னாத்தான் எனக்கு எட்டும்."

"எப்பலேந்து?"

"வந்ததுலேந்துதான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிரான்சில் முகம் தெரியாத நாலாயிரம் பேருடைய தோளுக்கும் இடுப்புக்கும் கவலைப்பட்ட மனிதர்.

ரெமி கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருந்தது. நிஷாதான் அவசரப்படுத்தினார். "ஃபோட்டோல அது தெரிஞ்சா அசிங்கமா இருக்கும். எடுத்து அந்தாண்ட போட்டுடறேன், வுடுங்க."

"இருக்கட்டும்."

தாஜுதீன் மணையை அது இருந்த இடத்திலேயே, மேடைக்கு முன்னால் போட்டார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, டேப்பின் நுனியைத் தரையில் வைத்து, மணையின் உயரத்தை அளந்தார். 'சமைக்கிறவர் உயரம்' என்ற கட்டத்தில் 148 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு 9 என்று எழுதினார். இன்னொரு முறை அளந்தார். ஒன்பதுதான். நிஷா கூடத்திலிருந்து பாத்திரங்களை எடுத்துவரத் தொடங்கியிருந்தார். தாஜுதீன் எழுந்திருக்கவில்லை. அதே இடத்தில் டேப்பை வைத்து, மூன்றாம் முறையும் அளந்தார்.