அப்பாவின் எண்ணுக்குப் போன சோதனைச் செய்திகள்

சென்னையில் என்னோடு வேலை பார்த்த நண்பர்கள் மாதம் ஒருமுறையாவது கூப்பிட்டு, "இப்போ என்ன ஓடுது?" என்று கேட்பார்கள். நானும் ஒப்பிப்பேன். கடலைமிட்டாய்க் கடை ஒன்றுக்கு ஆர்டர் எடுக்கிற இணையதளம். அந்தக் கடைக்கார அண்ணாச்சிக்கு முகப்புப் படத்தில் கடலை சிறுத்துத் தெரிகிறதாம், மூன்று முறை மாற்றியாகிவிட்டது. தீப்பெட்டி ஆலை ஒன்றுக்கு வெளிநாட்டு வியாபாரிகள் பார்க்கிற தளம். அதில் குச்சியைத் தவிர மற்ற எல்லாம் நகர வேண்டும் என்று முதலாளி மகன் ஆசைப்படுகிறார். வேலை முடிந்தால் மாலையில் ஹாக்கி மைதானம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கழுகுமலை வரை. மழை பெய்தால் அதுவும் கிடையாது. ரோட்டை விட்டு ஓரடி இறங்கினால் போதும், கரிசல் மண் சக்கரத்தோடு மல்லுக்கு நிற்கும், சைக்கிளை நான்தான் சுமக்க வேண்டும்.

இவ்வளவையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் அப்பா இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனதற்குக் காரணம் நான். அம்மாவோ போன வாரம் வரை அவரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் தேவைப்பட்டது.

எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

இணையதளம் கட்டுகிறவனுக்குப் பாதி வேலை பொய்த் தகவலை நிரப்பிப் பார்ப்பதுதான். இல்லாத ஆள் பெயரில் ஆர்டர் போடுவோம், இல்லாத நோயாளிக்கு நேரம் குறிப்போம். பெயரும் முகவரியும் பொய்யாக இருக்கலாம், கைப்பேசி எண் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டுமே. சென்னை அறையைக் காலி செய்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கோவில்பட்டிக்கு வந்த நாளிலிருந்து நான் அப்பாவின் எண்ணைத்தான் போட்டேன். வேறு நெட்வொர்க், எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் போன், ஓய்வு பெற்ற மனிதர். இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா?

அப்பா மணியாச்சி ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. போனில் உத்தரவு வந்தால் அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாத உத்தரவு வந்ததாகவே கணக்கில்லை. அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விடவில்லை. நான் மாடியறையில் உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டுவேன். அரை நிமிடத்தில் கீழேயிருந்து போன் வரும்.

"ஏலே, வந்துட்டு. 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, மூன்று நாளில் வந்து சேரும்.' சரியா?"

"சரிப்பா."

"ரெண்டு தடவ வந்திருக்கு பாத்துக்க."

அது என் தவறு. திருத்துவேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் வேலை பார்த்த எந்த நிறுவனத்திலும் இப்படி ஒரு சோதனையாளர் இருந்ததில்லை. முற்றுப்புள்ளி விட்டுப்போனால்கூடச் சொல்லிவிடுவார். கடைத்தெருவில் நின்றாலும், நாற்காலி போட்டு ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தாலும் கூப்பிடுவார். பக்கத்தில் இருப்பவர்களிடம், "நம்ம பய கம்பெனி மெசேஜு. நாம பார்த்துச் சொன்னாத்தான் வெளிய விடுவான்" என்று பெருமையடித்துக்கொள்வாராம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் அதைவிட நீளம். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். தளம் ஏதோ கோளாறாகி ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அப்பா கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. எடுக்காததால் மூட்டுவலியோடு படியேறி வந்து கதவைத் தட்டி, "ஏலே, பன்னெண்டு வந்துட்டு" என்றார்.

வாடிக்கையாளர் முன்னால் மானம் போன கடுப்பு எனக்கு. "யப்பா, அதெல்லாம் சும்மா டெஸ்டுக்கு அனுப்புதேன். நீங்க கூப்பிடவும் வேண்டாம், படிக்கவும் வேண்டாம். இந்த மாதிரி வந்தா அழிச்சிருங்க. அவ்வளவுதான்."

அப்பா கதவுப் பக்கம் நின்றபடியே திருப்பிச் சொன்னார்: "வந்தா அழிச்சிரணும்." பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் கூப்பிடவில்லை. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் எண்ணை மாற்றவில்லை. பழைய குறிப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிற சோம்பேறித்தனம். செய்தி போனதா என்பதைத் திரையிலேயே பார்த்துக்கொண்டேன். கீழே அப்பா, வருகிறதை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசி மாதத்தில் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. சாப்பிட்டால் மந்தம், பசியில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அப்பாவே தனியாகப் போய் எடுத்துவிட்டு வந்தார். "ஏதாவது இருந்தா போன்ல மெசேஜ் வருமாம்" என்று அம்மாவிடம் சொன்னார். மாத்திரையில் வலி குறைந்தது. அம்மா நாலைந்து நாள், "வந்துச்சா, வந்துச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணும் வரல. அப்பம் ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்" என்றார். அத்தோடு எல்லோரும் மறந்தோம்.

நான் அதே சமயத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? வெளியூர் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்குத் தளம் கட்டிக்கொண்டிருந்தேன். "உங்கள் பரிசோதனை முடிவு தயாராக உள்ளது. உடனே மருத்துவரைச் சந்திக்கவும்." இந்த வாசகத்தை அந்த வாரத்தில் அப்பாவின் எண்ணுக்கு எத்தனை முறை அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது.

நாலு மாதம் கழித்து வலி திரும்பி வந்தது. இந்த முறை மாத்திரைக்கு அடங்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "கட்டி நல்லாப் பரவிட்டு. ஒரு மூணு நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா அறுவை பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்றார். பழைய ஸ்கேன் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். நான் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி, ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் சொல்லல?" என்று மேசையைத் தட்டிக் கேட்டேன். அங்கே இருந்த பெண் பதறாமல் திரையை என் பக்கம் திருப்பினாள். "மறுநாளே மெசேஜ் அனுப்பியிருக்கோம் சார். போய்ச் சேந்துட்டுன்னும் வந்திருக்கு."

அதில் இருந்த வாசகம் ஏறத்தாழ நான் எழுதியதுதான். இந்தச் செய்திகளை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். அனுப்புகிறவர் பெயர் வருகிற இடத்தில் ஆறு ஆங்கில எழுத்து இருக்கும். அதைப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியும். எனக்குத் தெரியும். அவருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அழிக்க மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

புலி வருது கதையில் பொய்யாகக் கத்தியவனைத்தான் புலி அடிக்கும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் நம்பி ஓடிவந்தவரை அடித்தது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ முறை நினைத்துவிட்டேன்.

"மெசேஜா?" என்று யோசித்தார். "ஆமா, வந்துச்சு. ரிசல்ட் தயார், டாக்டரைப் பாருங்கன்னு. உன்னுது நெறைய வந்துச்சுல்லா, அதுல ஒண்ணுன்னுல்லா நெனச்சேன். நீதான அழிக்கச் சொன்னே." சொல்லும்போது அவர் குரலில் குறையே இல்லை. சொன்ன உத்தரவைச் செய்த ஆள் சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

அம்மா பிளாஸ்க்கோடு உள்ளே வந்தாள். ஸ்கேன் செய்த இடத்தில் என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அவங்க மேல தப்பு இல்ல. மெசேஜ் வந்துச்சு, நான் பார்த்தேன். கத்தி வைக்கணும்னு சொல்லிருவாவளோன்னு பயந்துக்கிட்டு அழிச்சிட்டேன். உங்கிட்ட வரலன்னு சொன்னது பொய்."

அம்மா பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். அப்புறம் ஏச ஆரம்பித்தாள். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டியவன் நான். என் நீள வாய் அன்றைக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. அம்மா வெளியே போனதும், "ஏம்ப்பா இப்படிச் சொன்னீங்க?" என்றேன். "நான் இன்னும் கொஞ்ச நாள்தான் ஏச்சு வாங்கணும். நீ காலம் பூரா வாங்கணும்லா. பேசாம இரு" என்றார். நானும் பேசாமல் இருந்தேன்.

மூன்று மாதம் இருந்தார். அம்மா அவரை அப்படிப் பார்த்துக்கொண்டாள்; கழுவித் துடைத்து, கஞ்சி காய்ச்சி, கால் பிடித்துவிட்டு. எல்லாம் ஏசிக்கொண்டேதான். "ரயிலுக்குப் பயப்படாத மனுஷன் கத்திக்குப் பயந்தாராம். பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்லத் தெரியுது." அப்பா கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். சில சமயம் என்னைப் பார்ப்பார். பேசாதே என்பதற்கு அந்தப் பார்வை போதும்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அவள் கோபம் தீரவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். நான் என் வேலைகளை மாற்றிக்கொண்டேன். இப்போது நான் அனுப்புகிற ஒவ்வொரு சோதனைச் செய்தியும் "இது சோதனை" என்றுதான் தொடங்கும், அதுவும் என் எண்ணுக்கு மட்டும்தான் போகும். அந்த வெளியூர் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் தளத்தில், அவசரச் செய்தியைப் படித்ததாக நோயாளி பதில் அனுப்பாவிட்டால் ஊழியர் ஒருவர் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். அவர்கள் கேட்கவே இல்லை. "இது எதுக்கு சார்?" என்றார்கள். இருக்கட்டும் என்றேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், தெரியும்.

போன வாரம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த அப்பாவின் அண்ணன் மகள் துக்கம் கேட்க வந்தாள். நான் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா பாசிப்பயறு புடைத்துக்கொண்டே அவளிடம் மறுபடி ஒப்பித்தாள். அக்கா தலையை ஆட்டி, "சித்தப்பா இப்படிக் கோழையா இருப்பாவன்னு நான் நெனைக்கவே இல்ல சித்தி" என்றாள்.

அந்த ஒரு சொல் எனக்கு எங்கோ போய்த் தைத்தது. அக்காவைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியது, அழிக்கச் சொன்னது, ஆஸ்பத்திரியில் அப்பா அவளிடம் சொன்ன பொய், எதையும் விடவில்லை. சுளகைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்பம் அவிய பயப்படல?"

"இல்லம்மா."

"எங்கிட்டப் பொய் சொல்லல?"

"வரலன்னு அவங்க சொன்னது நெசந்தாம்மா. அவங்களைப் பொறுத்த வரைக்கும் அது வரவே இல்ல."

நான் ஏச்சுக்குத் தயாராக இருந்தேன். சொல்லப்போனால் அதற்காகத்தான் எதிரே வந்து உட்கார்ந்தேன். ஏசினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். எனக்கு இறங்குவதற்காக அவள் தலையில் எதை ஏற்றுகிறேன் என்று அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை.

"நான் அவியள ஏசும்போதெல்லாம் நீ அங்கனதானலே நின்னே?"

"ஆமாம்மா."

அம்மா சுளகில் இருந்த பயறைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். கல் ஒன்றும் இல்லை.

"அவிய போன அன்னைக்குக் காலையிலயும் ஏசிட்டுத்தாம்லே கஞ்சி கொடுத்தேன். ஒண்ணும் சொல்லாம வாங்கிக் குடிச்சாவ."