சுவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று

ஜெராக்ஸ் அக்கா என்றால் அந்தச் சபையில் தெரியாதவர்கள் கிடையாது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டைப்பிங், நகல், லேமினேஷன் என்று ஒரு கடை வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக, ஞாயிறு ஆராதனையில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டும் வேலையை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். பக்கவாட்டுக் கதவை ஒட்டி, பருத்த தூண் ஒன்றின் பின்னால் அவளுக்கு ஒரு மேசை. அங்கிருந்து மேடை தெரியும், சுவர் தெரியாது. சுவரில் விழுவதுதான் மடிக்கணினியிலும் தெரிகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

தொல்லையே அதில்தான் இருந்தது. அவள் அடுத்த பாட்டைத் தேடினால், அந்தத் தேடலும் சுவரில் விழும். ஒரு தடவை ஜெபத்தின் நடுவே கை தவறி, யாரோ டைப் அடிக்கக் கொடுத்திருந்த வாடகை ஒப்பந்தம் சுவரில் போய் நின்றது. கண்ணை மூடியிருக்க வேண்டிய சபை முழுவதும் அதை வரி விடாமல் படித்து முடித்தது. ஆகவே அந்தப் பழைய மடிக்கணினி உயிரை விட்டபோது யாரும் அழவில்லை. புதிதாக என்ன வாங்குவது என்று கமிட்டி கூடியது.

அக்காவுக்கு மட்டும் அது வெறும் கம்ப்யூட்டர் விஷயமாக இல்லை. அவள் வீட்டுக்காரர்தான் சபையின் பாட்டுக்காரர். வாரம் முழுக்கப் பள்ளிக்கூட வேன் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நிற்பார். புத்தகத்தைத் தொடமாட்டார், அத்தனையும் மனப்பாடம். அந்த மனிதருக்கு ஒரு நாள் காலையில் சவரம் செய்யும்போது கையிலிருந்து பிளேடு நழுவி விழுந்தது. மூளைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டிருக்கிறது என்றார் டாக்டர். கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. வார்த்தைகளில்தான் சில வரவில்லை. உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டினார். ராகம் அப்படியே இருந்தது, குரலும் இருந்தது. ஆனால் இரண்டாவது சரணம் முடிந்ததும் அடுத்தது என்ன என்று தெரியாமல், இருட்டில் படி தேடுகிறவரைப் போல நின்றுவிடுவார்.

சபையில் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார்கள். கமிட்டித் தலைவர் மருந்துக்கடைக்காரர் என்பதால், அவர் கடையை விட்டுவிட்டு எங்கோ தள்ளியிருந்த கடையில் போய் அக்கா மாத்திரை வாங்கினாள். வேன் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரி வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் சொன்னார்.

“வேன் போச்சு, போகட்டும். பாட்டும் போச்சுன்னா நான் எதுக்கு? யாருக்கும் தெரியவேணாம். தெரிஞ்சா நான் மேடை ஏறமாட்டேன்.”

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவள் கமிட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடைக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார். சாதாரண மடிக்கணினி ஒன்று போதும், கூடவே ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டி. ஒரு கம்பியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே படத்தை அது காட்டும், குழந்தைகள் உட்காரும் பக்கத்து அறையிலும் பாட்டு தெரியும் என்றார். அக்கா அது வேண்டாம் என்றாள். வெளியே இரண்டு திரைகளுக்குத் தனித்தனியாகப் படம் அனுப்பும் மடிக்கணினி வேண்டும். சபைக்குச் சுவரில் பாட்டு மட்டும். மேடையின் காலடியில் பாடுகிறவரைப் பார்த்தபடி ஒரு சின்னத் திரை, அதில் பாட்டோடு அடுத்து வரும் வரியும் ஒரு குறிப்பும்.

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். “யாருக்கு? நம்ம பாட்டுக்காரருக்கா? புத்தகமே தொடாத மனுஷன் முன்னாடி திரை வெச்சா, அது அவருக்கு அவமானம் இல்லையாம்மா?”

மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். புகழ்ந்தே கழுத்தை அறுப்பது என்றால் இதுதான். உண்மையைச் சொன்னால் திரை வரும், திரைக்கு முன்னால் நிற்க அவர் வரமாட்டார். சொல்லாவிட்டால் அவர் வந்து நிற்பார், சபை நடுவே வாயடைத்துப் போவார். அக்கா புடவைத் தலைப்பைக் கொஞ்ச நேரம் விரலில் சுற்றினாள்.

“அவருக்கு இல்லண்ணே, எனக்குத்தான். நான் சரணத்த மாத்தி மாத்திப் போட்டுடறேன். அடுத்தது என்னன்னு அவர் கண் முன்னாடி இருந்தா, நான் தப்பு பண்றப்ப அவர் சமாளிச்சுப்பார்.”

சொன்னவள் யார்? வக்கீல்களே தங்கள் பிழைகளைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி அவள் கடைக்கு வருவார்கள். ஆனாலும் கமிட்டி கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டது. ஒருத்தி கெட்டிக்காரி என்று நம்பத்தான் நம் ஆட்களுக்கு மாதக்கணக்கு ஆகும். தப்பு செய்கிறவள் என்றால் நின்ற இடத்திலேயே நம்புவார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது.

முதலில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து டிவியில் மாட்டிப் பழகினார்கள். பெரிய எழுத்தில் பாட்டு, அதன் கீழே அடுத்த வரி, அதற்கும் கீழே மஞ்சளில் அவள் அவ்வப்போது அடிக்கும் குறிப்பு. வீட்டுக்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மஞ்சளை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அதுதான் அவர் நன்றி சொல்லும் விதம் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பாட்டு ஆற்றொழுக்காகப் போயிற்று. எப்போதாவது அவர் எங்காவது தடுமாறினால், எல்லாத் தலைகளும் தூண் பக்கம் திரும்பும். வாசலில் செருப்பு மாட்டும்போது மருந்துக்கடைக்காரர், அக்கா இன்றைக்கு அசந்துவிட்டாளா என்று கேலி செய்வார். ஆமாண்ணே, கை தவறிவிட்டது என்று அவளும் சிரிப்பாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். வீடு வரும்வரை அவளுக்கு முன்னாலேயே நடப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைக்செட்காரர் மேடையைப் பெருக்குவதற்காக, சுவருக்கும் பாட்டுக்காரரின் சின்னத் திரைக்கும் போகும் இரண்டு கம்பிகளையும் பிடுங்கினார். பெருக்கி முடித்து இடம் மாற்றிச் செருகிவிட்டார். சுவருக்குப் போக வேண்டியது சின்னத் திரைக்குப் போனது, அவருக்குப் போக வேண்டியது சுவருக்குப் போனது. அக்காவின் மடிக்கணினியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சுவரில் அடுத்த வரியும் சேர்ந்து வருவதைப் பார்த்த சபையோர், நல்ல வசதிதான் என்று மகிழ்ந்து பாடினார்கள்.

நடுவில் ஒரு நீளமான பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்தது. பாட்டுக்காரர் காலடித் திரையைப் பார்த்தார். பாடி முடித்த வரிதான் இருந்தது, மஞ்சளைக் காணோம். மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஆர்கன் வாசிப்பவர் ஒரு சுற்று கூடுதலாக வாசித்தார். அக்கா தூணுக்குப் பின்னாலிருந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பதற்றத்தில் மஞ்சள் எழுத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். மளமளவென்று குறிப்பை அடித்தாள்.

சுவரில் வருவதைப் பாடியே பழகிய முன்வரிசைக்காரர்கள், ஆர்கனை விட்டுவிடாமல் ராகத்தோடு ஆரம்பித்தார்கள். “மூச்சு வாங்கிக்கோங்க... மூணாவது சரணம்தான்... பதறாதீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான்...” அதற்குள் ஒவ்வொரு குரலாக அடங்கியது. ஆர்கனும் நின்றது.

தான் அடித்த வார்த்தைகளை ஊர் பாடுவதைக் கேட்டதும் அக்கா எழுந்து தூணுக்கு வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு மஞ்சள் எழுத்து. மேடையில் அவரும் திரும்பி நின்று அதையேதான் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். இனி இந்த மனிதர் மேடை ஏறுவாரா?

“என் தப்புதான், எல்லாரும் மன்னிச்சுடுங்க. கை தவறி...” என்று ஆரம்பித்தாள்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“அவ தப்பு இல்ல. எந்த வாரமும் அவ தப்பு பண்ணல. எனக்குத்தான் பாட்டு மறந்துபோகுது. உடம்பு சரியில்லாம போனதிலேருந்து இப்படித்தான்.”

மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவர் மேடையை விட்டு இறங்கிவிடுவார் என்றுதான் அக்கா நினைத்தாள். அவரோ நின்ற இடத்திலேயே நின்று, அத்தனை பேருக்கும் மேலாக அவளைப் பார்த்தார்.

“மூணாவது சரணம் எப்படிம்மா ஆரம்பிக்கும்? சொல்லு.”

அக்கா மேசைக்குத் திரும்பிப் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே, சபை முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள்.