மாவும் கொலுப் பார்க்கும்

எங்கள் எதிர் வீட்டுச் சந்தானம் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். பையில் தீப்பெட்டி இருந்தாலே வாசலில் நிறுத்திவிடும் இடம். அங்கே கற்ற ஒழுங்கை ஓய்வு பெற்றதும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டுத் தரையில் இலை போடாமலே சாப்பிடலாம். நான் சாப்பிட மாட்டேன், பினாயில் வாடை.

அப்படிப்பட்டவர் போன வருட மழையில் ஒரு பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாடியேறி வந்தார். கட்டடமே வாயைப் பிளந்தது. எங்கள் ஊர் மராட்டிக்காரர்கள் பூனையை ‘மாவூ’ என்று கொஞ்சுவார்கள். சந்தானம் வீட்டில் அது ‘மாவு’ ஆகிவிட்டது. நிறமும் பச்சரிசி மாவுதான். “மாவை மூடி வச்சேளா?” என்று மனைவி கிரிஜா கேட்டால், எந்த மாவு என்று மனிதர் முழிப்பார்.

தினமும் காபி முடிந்ததும் பால்கனியில் அதற்குச் சீப்பால் வாரிவிடுவார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நகம். மாவு வெயிலில் சொக்கிக் கிடக்கும்போது கிரிஜா பாதத்தை மெல்ல அழுத்திப் பிடிக்க, உள்ளே தெரியும் சிவப்பில் படாமல் நுனியை மட்டும் நறுக்குவார். தன் கன்னத்தை அவர் ஒருநாளும் அவ்வளவு பதமாக வழித்துக்கொண்டதில்லை.

வினை, மாவு வெளிக்குப் போக வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்திருந்த மணல் பெட்டியில் வந்தது. பூனை வளர வளர வாடையும் வளர்ந்தது. சந்தானம் விடுவாரா? பெட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவினார். மாவு சோபாவுக்குப் பின்னால் போக ஆரம்பித்தது. பிறகு செருப்பு ஸ்டாண்டில். டாக்டர் சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, பெட்டியைக் கவனியுங்கள் என்றார். இவரும் கவனித்தார். இன்னும் ஒரு மூடி பினாயில் சேர்த்து ஊற்றினார்.

கிரிஜா ஒருநாள் என் எதிரிலேயே சொல்லிவிட்டாள். “ஏன்னா, இன்னும் ஒரே ஒரு தடவை பெட்டிக்கு வெளியில போகட்டும். நீலாகிட்டக் குடுத்துடுவேன்.” நீலா அவளுடைய ஆபீஸ் சிநேகிதி. சாஸ்வடில் தோட்டத்தோடு வீடு, நாலு பூனை. அன்று சந்தானத்துக்குச் சோறு இறங்கவில்லை.

நவராத்திரி வந்தது. கொலுப் படி கிரிஜாவுடையது, பார்க் சந்தானத்துடையது. ஆற்று மணலைப் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் குளம் செய்து, பக்கத்தில் மண் யானை வைத்தார். முதல் நாள் சாயங்காலம் நீலாவும் நானும் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தோம். மாவு நிதானமாக வந்தது. யானைக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டியது. எங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, வேலையை முடித்து, வெகு அக்கறையாக மூடியது. யானையும் பாதி புதைந்தது.

“நீலா, ஆஜ் ஹீ லே ஜாவ்” என்றாள் கிரிஜா. இன்றைக்கே கொண்டுபோய்விடு என்று.

சந்தானமே கூடையை எடுத்துவந்தார். துண்டு விரித்து, மேலே சீப்பை வைத்தார்.

மணல் பெட்டியையும் எடுத்துக்கொள்ள வாஷிங் மெஷின் பக்கம் போன நீலா, குனிந்த வேகத்தில் தும்மிக்கொண்டே நிமிர்ந்தாள். “பாப் ரே! யே தோ ஹாஸ்பிடல் ஹை!” இது ஆஸ்பத்திரி வாடை என்று மூக்கைப் பொத்தியபடி படபடவென்று இந்தியில் பொரிந்தாள். பூனைக்கு மோப்பம் நம்மைவிடப் பல மடங்கு. பினாயில் அதற்கு விஷம். வெந்நீரும் சாதா சோப்பும் போதும். மெஷின் சத்தத்தில் வேறு யார் போவார்கள்?

சந்தானம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நானேதான் அதைத் துரத்தியிருக்கேன்.”

சுத்தம் சோறு போடும் என்பார்கள். இங்கே பூனையை வெளியே போடப் பார்த்தது.

“காலம்பற வரைக்கும் பார்க்கறேன்” என்றாள் கிரிஜா. சந்தானம் பினாயில் புட்டிகளைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்தார். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டார். புது பேசினில் பார்க்கின் நல்ல மணலை எல்லாம் வாரிப் போட்டு, பால்கனியின் ஆளரவமில்லாத மூலையில் வைத்தார்.

மறுநாள் காலை சுண்டல் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். கணவனும் மனைவியும் பால்கனிக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாவு பேசினை முகர்ந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. தோண்டி, உட்கார்ந்து, மூடியது.

சந்தானத்தின் கண் கலங்கிவிட்டது. கிரிஜா கூடையிலிருந்த சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“பார்க்குக்கு வேற மணல் வாங்கிண்டு வாங்கோ. யானையை அலம்பிட்டேன். சோப்புலதான்.”