சார்ஜெண்ட் கல்யாணசுந்தரமும் பறக்காத கம்பெனியும்

எங்க வீட்டுக்காரர் பேரு கல்யாணசுந்தரம். புனே விஷ்ராந்த்வாடியில எங்களைத் தெரிஞ்ச தமிழ்க்காரங்க எல்லாரும் அவரை "சார்ஜெண்ட் சார்"னுதான் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப எதிர்ல வந்தா அடிக்காத போனை எடுத்துக் காதுல வச்சுக்கிறாங்க. நான் கிரிஜா, அந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டவ. அவரைப் பத்தி ஊரே பேசி முடிச்சாச்சு. நானும் பேசிடறேன்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரரு. பன்னெண்டாவது முடிச்ச கையோட ஏர்ஃபோர்ஸுல சேர்ந்தாரு. உடனே பைலட்டுன்னு நினைச்சுக்காதீங்க, எங்க சித்தப்பா அப்படி நினைச்சுத்தான் கல்யாணத்துல மோதிரம் போட்டாரு. இவரு விமானத்துக்குக் கீழ நிக்கிற ஃபிட்டரு. திருகாணி இறுக்கணும், மூடியைத் திறந்து மூடணும். பைலட் வந்தா சல்யூட் அடிச்சு, அவர் ஏறினதும் சக்கரத்து முட்டுக்கட்டையை எடுத்துட்டு ஓரமா நிக்கணும். ஜோர்ஹாட், ஜாம்நகர், தாம்பரம், கடைசியா இங்க புனே லோஹகாவ்னு இருபது வருஷம் இதே வேலை. அந்த வேலையில இவரு மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது, அதையும் சொல்லிடறேன்.

ஆனா ஒரு குணம் உண்டு. ஆபீஸர் தப்பா ஏதாவது செஞ்சா நேருக்கு நேர் சொல்ல மாட்டாரு. "யெஸ் சார்"னுட்டு, அப்புறம் சத்தமில்லாம தானே போய்ச் சரிபண்ணிடுவாரு. எந்தச் சட்டப் புத்தகத்துலயும் அப்படிப் போட்டிருக்காது, இவரா வச்சுக்கிட்ட சட்டம். "அவங்க முகமும் வாடக் கூடாது, வேலையும் கெடக் கூடாது, அதான்டி நல்ல ஏர்மேன்"னு மார்தட்டிக்குவாரு. கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ரிட்டையர் ஆன பிறகு கராடியில ஒரு பெரிய சொசைட்டியில, அடுக்குமாடிக் குடியிருப்பைத்தான் இங்க அப்படிச் சொல்வாங்க, செக்யூரிட்டி சூப்பர்வைசர். பேருதான் சூப்பர்வைசர். ஐ.டி.யில இருக்கிற பசங்க, அதுலயும் நம்ம கோயமுத்தூர்ப் பசங்க, பார்க்கிங் சண்டைன்னா இவரைத்தான் இங்கிலீஷ்ல கிழிப்பாங்க. "சரிங்க தம்பி"ன்னு கேட்டுக்குவாரு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கூடக் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருப்பாரு. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான், கட்டையில போறவன், ஜெயந்த்.

அந்த சொசைட்டிக்கு வாடகைக்கு வந்தவன். "விங் கமாண்டர் ஜெயந்த், ரிட்டையர்ட்"னு சொல்லிக்கிட்டான். விமானம் ஓட்டின பெரிய ஆபீஸராம். முறுக்கின மீசை, முகம் பார்க்கலாம் போல ஷூ. கேட்டுல இவரு அடிச்ச சல்யூட்டைப் பார்த்துக் காரை நிறுத்தி இறங்கி, "ஏர்ஃபோர்ஸா?"ன்னு கேட்டுக் கையைக் குலுக்கியிருக்கான். மறுநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, சோபாவுல பக்கத்துல உட்கார வச்சு டீ கொடுத்திருக்கான். அன்னிக்கு இவரு வீட்டுக்கு வந்த வரவைப் பார்க்கணுமே! புது மாப்பிள்ளை மாதிரி வந்தாரு. "கிரிஜா, விங் கமாண்டர் என்னைப் பக்கத்துல உட்காரச் சொன்னாருடி"ன்னாரு. "உட்கார்ந்தா என்ன, சோபா தேஞ்சா போச்சு?"ன்னேன். எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு, இல்லைன்னா பொய்.

அந்த டீயைக் குடிக்க வச்சே அவன் இவர்கிட்ட எல்லாத்தையும் கறந்துட்டான். எந்த ஊர்ல என்ன விமானம் நின்னுச்சு, பைலட்டுங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கேலி பண்ணிக்குவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பானாம். இவரும் வாயெல்லாம் பல்லா சொல்லியிருக்காரு. ரெண்டு மாசம் கழிச்சு அதையே தன் கதையா அவன் மேடையில சொன்னப்போ, இவரு முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டினாரு. "பாரேன், எல்லா ஸ்குவாட்ரன்லயும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கு"ன்னு எங்கிட்டயே சொன்னாரு. அந்த மனுஷனை அடிக்கிறதா கும்பிடறதா, சொல்லுங்க.

மேடை எதுக்குன்னு கேக்கறீங்களா? ஸஹ்யகிரி ஏர்வேஸ்னு புது கம்பெனி தொடங்கறானாம். புனேயிலேருந்து கோலாப்பூர், ரத்னகிரி, நாந்தேட்னு சின்ன ஊருங்களுக்கு விமானம் விடப் போறானாம். கராடியில கண்ணாடிக் கட்டடத்துல ஒரு மாடியையே வாடகைக்கு எடுத்தான். ஹாலுக்குள்ள விமானத்துல இருக்கிற மாதிரியே சீட்டுங்களை வரிசையாப் போட்டு, பொண்ணுங்க பசங்களை ஏர்ஹோஸ்டஸ் வேலைக்கும் கவுண்டர் வேலைக்கும் பழக்கினான். முதல்ல பயிற்சிப் பணம் கட்டணும், விமானம் பறக்க ஆரம்பிச்சதும் வேலை நிச்சயம்னான். இவரை செக்யூரிட்டி வேலையை விடச் சொல்லி, கோட்டு மாட்டி, மெடலைக் குத்திக்கச் சொல்லி, ரிசப்ஷன்ல உட்கார வச்சுட்டான்.

பெத்தவங்க உள்ள வந்ததும் முதல்ல பார்க்கிறது இவரைத்தான். அதுவும் நம்ம தமிழ்க்காரங்க, ராணுவத்துலயும் ஏர்ஃபோர்ஸுலயும் இருந்த குடும்பங்க, இவரைப் பார்த்த பிறகு வேற எதையும் விசாரிக்கல. "சார்ஜெண்ட் சாரே இருக்காரே, அப்புறம் என்ன?"ன்னு எதிர் வீட்டு ரமா அவ பையன் ஸ்ரீவத்சனைக் கொண்டுவந்து சேர்த்தா. ஐயப்பன் பூஜையில நானும் நாலு பேர் காதுல விழற மாதிரி பீத்திக்கிட்டேன்.

நடுவுல ஒரு நாள், சோலாப்பூர் ரோட்டுல எங்கேயோ தள்ளி இருக்கிற சின்ன ஓடுதளத்துல, ஒரு வெள்ளை விமானத்துக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைச்சாங்க. கம்பெனியோட முதல் விமானமாம். ஜெயந்தும் போட்டோகிராஃபரும் போனாங்க, கூட இவரும். திரும்பி வந்தவரு சரியாவே பேசல. "வெயில்ல நின்னது"ன்னாரு. சாதத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாரு. நான் மோரு கரைச்சுக் கொடுத்துட்டு என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம்தான் காவ்யா அந்தப் பேச்சை எடுத்தா. எங்களுக்கு ஒரே பொண்ணு. மகர்பட்டாவுல ஒரு கம்பெனியில நல்ல வேலை, பிரமோஷன் வரப் போகுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தா. ஆனா லோஹகாவ் குவார்ட்டர்ஸ்ல தலைக்கு மேல விமானத்தைப் பார்த்தே வளர்ந்த பொண்ணு. "அப்பா, நீங்க கீழயே நின்னுட்டீங்க. நான் மேல போய்ப் பார்த்துட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்றேன்"ம்பா. அன்னிக்கு அவர் முன்னால வந்து உட்கார்ந்து கேட்டா.

"அப்பா, நான் ரிசைன் பண்ணிட்டு ஸஹ்யகிரியில சேரலாமா? நெட்ல அந்தக் கம்பெனியைப் பத்தித் தேடிப் பார்த்தா ஒண்ணும் கிடைக்கல. நான் வேற யாரையும் கேக்க மாட்டேன். நீங்க ஹான்னா ஹான், நஹின்னா நஹி. வேண்டாம்னா விட்டுடறேன்."

இவரு ஜன்னலைப் பார்த்தாரு. "விங் கமாண்டர் நல்ல கம்பெனின்னு சொல்றாரேம்மா."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

"சேரும்மா. நல்லதுதான்."

சேர்ந்தா. நீலச் சேலை, கழுத்துல ஸ்கார்ஃப், கொண்டை. போட்டோ எடுத்து ஹால்ல மாட்டினோம். தினம் சீட்டுங்களுக்கு நடுவுல தள்ளுவண்டியைத் தள்ளி, யாருமில்லாத சீட்டைப் பார்த்துச் சிரிச்சு, "டீயா காபியா"ன்னு கேட்டுப் பழகினா. தீபாவளிக்கு முதல் விமானம்னாங்க. அப்புறம் குடியரசு தினத்துக்குன்னாங்க. அப்புறம் ஒரு திங்கக்கிழமை காலையில பசங்க போய் நின்னா ஆபீஸ் பூட்டியிருக்கு, அந்த சீட்டுங்களை வாடகைக்கு விட்டவன் லாரியில ஏத்திக்கிட்டிருக்கான். ஜெயந்தோட போன் அணைஞ்சு கிடக்கு. சொசைட்டி வீடும் காலி.

விசாரிச்சா, அவன் ஏர்ஃபோர்ஸ் பக்கமே போனதில்லை. நாசிக்ல ஹாலிடே ஹோம் திட்டம்னு சொல்லி ஊரை ஏமாத்தினவனாம். அந்த வெள்ளை விமானம் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தது. அதுல மொத்தமே ஒன்பது சீட்டு, ஏர்ஹோஸ்டஸ் நிக்கக் கூட இடம் கிடையாது. அறுபது புள்ளைங்க காதுல பூ சுத்தி, பட்டை நாமம் சாத்திட்டுப் போயிட்டான். வேலையை விட்டு வந்த என் பொண்ணும் அதுல ஒருத்தி. பழைய கம்பெனியில கேட்டதுக்கு அந்த இடத்துக்கு வேற ஆளைப் போட்டாச்சுன்னுட்டாங்க.

அவன் கிடைக்கல, அதனால ஜனங்க இவரைத் தேடி வந்தாங்க. வாசல்ல செருப்பு குவிஞ்சு கிடந்துச்சு. "நீங்களும் கூட்டுதானே? உங்களுக்கு எவ்வளவு பங்கு?"ன்னு ரமா கேட்டா. வருஷக்கணக்கா எங்க வீட்டு டிகாஷன் கடன் வாங்கிக் குடிச்சவ, அப்படிக் கேட்டா. இவரு சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னாரு. காவ்யாதான் பாஞ்சா. "ஆன்ட்டி, வாயை அடக்கிப் பேசுங்க. எங்க அப்பாவும் உங்களை மாதிரி ஏமாந்தவருதான். தெரிஞ்சிருந்தா என்னை அங்க சேர விட்டிருப்பாரா? பெத்த பொண்ணை எவனாவது குழியில தள்ளுவானா?"ன்னா. கூட்டம் மெல்லக் கலைஞ்சுச்சு. அவ அப்பாவோட மானத்தை அன்னிக்கு அவதான் காப்பாத்தினா.

போலீஸ்ல கேஸ் பதிவாச்சு. இவரையும் வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டாங்க. ஆபீஸ்ல கூடவே இருந்தவரு, இவரையும் குத்தவாளி ஆக்கறதா சாட்சி ஆக்கறதான்னு அவங்களுக்கே குழப்பம். "ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க. அதானே நிஜம்?"னு முந்தின நாளே நான் ஓதி வச்சேன். தலையை ஆட்டினாரு. காவ்யா ஸ்கூட்டர்ல வந்தா, நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல போனோம்.

இன்ஸ்பெக்டர் ஒரு மராத்திப் பொம்பளை. தன்மையா, இந்தியிலதான் பேசினாங்க. "நீங்களும் ஏமாந்தவர்தானே? அப்படி எழுதிக்கட்டுமா?"ன்னு அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க. காவ்யா அப்பா தோள் மேல கை வச்சு நின்னுக்கிட்டிருந்தா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு, எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"இல்லை மேடம். எனக்குத் தெரியும்"னாரு.

ஆயுசு முழுக்க வாயைத் திறக்காத மனுஷன் அங்க உட்கார்ந்துக்கிட்டு வரிசையாச் சொல்றாரு. தேங்காய் உடைச்ச அன்னிக்கு ஜெயந்த் போட்டோவுக்கு நிக்கறதுக்காக நேரா விமானத்து மூக்குக்குப் போயிருக்கான். அங்க சுத்தற பெரிய விசிறிக்கு, புரொப்பெல்லருக்கு, முன்னால நின்னு, அதைக் கையால பிடிச்சு இழுத்திருக்கான். விமானத்தை ஓட்டினவன் தூக்கத்துல கூட அப்படிச் செய்ய மாட்டானாம். நிக்கிற விசிறின்னாலும் சுத்தப் போகிற விசிறின்னு நினைச்சு விலகிப் போறதுதான் முதல் நாள் பாடமாம். இஞ்சின் அணைஞ்சிருந்தாலும் சில நேரம் ஒரு உதறு உதறுமாம், ஆளை வெட்டிப் போட்டுடுமாம்.

"அப்பவே புரிஞ்சுபோச்சு மேடம், இவன் பைலட் இல்லைன்னு. முழங்கையைப் பிடிச்சு, 'சார், இந்தப் பக்கம் வாங்க'ன்னு இழுத்துட்டேன். போட்டோ எடுத்தோம். வந்துட்டோம்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லல மேடம். சாருன்னு கூப்பிட்டுப் பழகிட்டேன். மெதுவா நானே சரிபண்ணிடலாம், ஆபீஸுக்குள்ளயே இருந்து பசங்களைப் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். கோட்டைக் கழட்டிக் கொடுத்துட்டு மறுபடி கேட்டுல போய் நிக்க மனசு வரல. அதுவும் நிஜம்."

"இது எப்போ நடந்தது?"

"என் பொண்ணு வேலையை விடறதுக்கு முந்தின வாரம்."

காவ்யாவோட கை அவர் தோள்லேருந்து எப்போ எடுபட்டுச்சுன்னு நான் பார்க்கல. பார்த்தப்போ சுவரோரமா நின்னுக்கிட்டிருந்தா. அழல. நான்தான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன், ஆத்திரத்துல. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க, பெத்த பொண்ணு எதிர்ல வந்து உட்கார்ந்து கேட்டாளேன்னு அங்கேயே கத்தணும் போல இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் அம்மா எழுதறதை நிறுத்திட்டு இவரைப் பார்த்தாங்க. "யோசிச்சுச் சொல்றீங்களா? இதை எழுதினா உங்க பேருலயும் கேஸ் வரலாம்"னாங்க. "எழுதுங்க மேடம்"னு கையெழுத்துப் போட்டாரு. சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாம, சொல்லாம இருந்தா பிழைச்சுக்கலாம்ங்கிற நேரத்துல சொன்ன புண்ணியவான்.

வெளிய வந்தோம். காவ்யா ஸ்கூட்டர் பக்கத்துல நின்னு, ஹெல்மெட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டா. அதட்டல, குரலும் உயரல.

"அப்பா, அந்தத் திருட்டுப் பய விசிறி முன்னால நின்னப்போ கையைப் பிடிச்சு இழுத்தீங்கல்ல?"

"ஆமாம்மா."

"என்னை ஏன் இழுக்கல?"

இவரு வாயைத் திறந்தாரு. ரோட்டுல பஸ்ஸு, ரிக்ஷா எல்லாம் ஹார்ன் அடிச்சுக்கிட்டுப் போகுது. "அங்க ஆபத்து கண்ணுக்குத் தெரிஞ்சுச்சும்மா"ன்னாரு.

அவ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு வண்டியைக் கிளப்பினா. பஸ்ஸுல நான் கூட வருவேன்னுதான் இவரு நினைச்சுக்கிட்டு நின்னாரு, முகத்துல தெரிஞ்சுச்சு. நான் பொண்ணு பின்னால ஏறி உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்ல.