மாலினியின் நாயும் ஒரு சொல்லும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மகன் கனடாவுக்குப் போனபின் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஓவனைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை. போன மாதம்தான், பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் மாலினியின் கிழட்டு நாய்க்கென்று பூசணிக்காயும் ஆட்டா மாவும் பிசைந்து, உப்பு, சீனி போடாமல் பிஸ்கட் சுட்டுக் கொண்டுபோனேன். நாய் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மாலினி அதன் தலையைத் தடவி, “கன்ன, கன்ன” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்களும் கண்ணா எண்டோ கூப்பிடுறீங்கள்? நானும் மகனை அப்பிடித்தான் கூப்பிடுறனான்.”

அவள் சிரித்தாள். “இல்ல அக்கா, சிங்களத்தில கன்ன எண்டா சாப்பிடு.”

நாய் ஒரு துண்டைக் கடித்தது.

அன்று பின்னேரம் மகன் கனடாவிலிருந்து ஃபோன் கோல் எடுத்தான். “கண்ணா…” என்றேன்.

“சாப்பிட்டிட்டன் அம்மா” என்றான்.

நான் இன்னும் கேட்கவே இல்லை.